ஐந்தாவது டாலர்

சோணைமுத்து நாலாயிரம் வாங்கியபோது
ஹார்லிக்ஸ் மூடியில் வைத்துக் கொடுத்தார்,
ஐந்து டாலர்.
டாலர் என்றதும் அமுலு கழுத்தைத் தடவினாள்.
எங்கள் வியாசர்பாடியில் டாலர் என்றால்
செயினில் தொங்குவது,
பிள்ளையாரோ மாதாவோ இருப்பது.
இவை தொங்காதவை.
ஒன்றுக்கு மட்டும்
தலையில் வளையம் பற்றவைத்திருந்தது.

ஒருத்தி கடலோரம் நிற்கிறாள்.
கையில் சூலம், பின்னால் கப்பல்.
"ராயபுரம் அங்காளம்மன் மாரியே கீறா" என்றாள் அமுலு.
"பர்மாவுல அப்படி நினைச்சுத்தான் கும்பிட்டோம்"
என்றார் அவர், சிரிக்காமல்.

ஆறு வருஷம்.
வட்டி நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.
கும்மிடிப்பூண்டியிலிருந்து சாவுச் சேதி வந்த பங்குனியில்
பரணிலிருந்து மூடியை இறக்கினேன்.

லேத் பட்டறைக்காரன் புத்தி,
முதலில் வெர்னியர் வைத்தேன்:
முப்பத்தொன்பது மில்லி, மயிரிழை கூட.
மீன்கடை பாக்கியத்தின் தராசு
ஐந்தைந்து கிராமாகத்தான் தாவும்.
இருபத்தைந்து என்றது,
யோசித்து, முப்பது என்றது.
எம்.சி. ரோடு பாரஸ்மல் தராசுக்குக் கதவெல்லாம் உண்டு.
இருபத்தாறு புள்ளி தொண்ணூறு.
நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி,
கிராம் தொண்ணூறு ரூபாய்,
இரண்டாயிரத்து நூற்றெழுபத்தெட்டு.
"உருக்குற கூலி போக ரெண்டாயிரம்."

உருக்காதே என்றார் பர்மா பஜார் ஜலீல் பாய்.
லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார்:
சூலத்தின் நடுமுள்ளில்
எறும்புக் கால் போல ஒரு பி.
பம்பாயில் அடித்ததாம்.
"இந்த வருஷம் கிடைக்காது, நாலாயிரத்தைந்நூறு.
இது... யாருப்பா கழுவுனது?"
முந்தின ராத்திரி அமுலு
சபீனா போட்டுத் தேய்த்திருந்தாள்.
"ரெண்டாயிரத்தைந்நூறு."
வளையம் வைத்தது
பற்றவைத்த அன்றைக்கே செத்ததாம்;
பாரஸ்மல் சொன்ன ரெண்டாயிரம்தான்.
நாலாவதன் உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குத்து.
சீனத்துக் கடைக்காரர்கள்
வெள்ளிதானா என்று சோதித்துக் குத்தியது.
மூவாயிரம்.
எத்தனை பேர் எனக்கு முன்னால்
இதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
எதிரில் நின்றவன் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

ஐந்தாவதை மேஜையில் போட்டார்.
மற்றதெல்லாம் ணங் என்றன.
இது டொக்.
பட்டறைக்கு வந்து
பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினேன்.
ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
நாலும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம்.
வட்டியே இல்லையென்றால் எட்டாயிரம் அவருக்குத் தரணும்.
ரெண்டு வட்டி போட்டால்
இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது நான் பாக்கி.
மூன்று வட்டி போட்டால்
அறுநூற்று நாற்பது அவர் பாக்கி.
செத்தவரை
ஒரு வட்டியில் கடன்காரராகவும்
ஒரு வட்டியில் சாவுகாராகவும்
மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்தேன்.
"வட்டியே பேசலியேய்யா" என்றாள் அமுலு,
பாத்திரம் கழுவிக்கொண்டே.

மகள் லோசனிக்குப் போன் போட்டேன்.
எல்லாவற்றையும் சொன்னேன், வட்டிக் கணக்கைத் தவிர.
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
"அதுல ஒன்னு டூப்பு இருக்குமே, பாத்தீங்களாண்ணே?
அப்பாக்குத் தெரியும்.
நாலுதான் கேட்டீங்களாம்.
ஒன்னு சரியில்லை, எதுன்னு தெரியலை,
அதான் அஞ்சாக் குடுத்தேன்னு சொல்வாரு."
குழந்தை அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்றாள்.

நாலுதான் கேட்டேனா? நினைவில்லை.
ஜீவா ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.
ஐந்தாவதற்கு நேரே போட்டிருந்த பூஜ்யத்தை
அடித்துவிட்டு
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கை துடைத்தபடி வந்து எட்டிப் பார்க்கிறாள் அமுலு.
"எவ்ளோதான் போடப் போற?"