எட்டாயிரம் யென்

ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம் யென்.
கம்பெனி விதிப்புத்தகம், பதினோராம் பக்கம்.
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அச்சடித்தது.
அந்தத் தொகைக்கு அப்போது டோக்கியோவில்
ஜன்னல் இருந்தது, குளியல் தொட்டி இருந்தது,
காலையில் மீனும் மிசோ சூப்பும் இருந்தன.
விதிக்கு வயதாகவில்லை.
எனக்கும் டோக்கியோவுக்கும்தான்.

இந்த வாரம் ஏதோ கச்சேரியாம்.
நுழைவுத் தேர்வும் சேர்ந்துகொண்டது.
உயேனோவில் கேட்டேன்: இருபத்திரண்டாயிரம்.
கவுண்டர் பையன் எண்ணைச் சொல்லிவிட்டுக்
குனிந்து மன்னிப்புக் கேட்டான்,
விலையை அவனே ஏற்றிவிட்டது போல.
காப்ஸ்யூலில் இடம் இருந்தது.
போன முறை படுத்தேன்.
நடுராத்திரி விழித்து, மருந்துக்கடை இழுப்பறையில்
என்னை வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று
எழுந்து முட்டிக்கொண்டேன்.
நெற்றியைப் பாருங்கள், தடம் இருக்கும்.

என் பெட்டியில் நாற்பது கீல்கள்.
பித்தளை, எஃகு,
சத்தமே போடாத புது ரகம் ஒன்று.
கதவு செய்கிறவர்களுக்குக் கீல் விற்க
அகிதாவிலிருந்து வருகிறேன்.
திறக்கத்தான் ஒரு கதவு இல்லை.

ரயில் ஏறினேன், விலை இறங்கும் திசையில்.
நிப்போரியில் பதினாறாயிரம்.
மிகாவாஷிமாவில் பன்னிரண்டு, அதுவும்
போன விருந்தாளியின் சிகரெட் இன்னும் காலி செய்யாத அறை.
மினாமி-சென்ஜுவில் இறங்கும்போது மழை.
தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம்,
அதற்கப்பால்
இந்த ஊரின் கோபுரங்களை எழுப்பிய கூலிக்காரர்கள்
மூன்று பாய் அகல அறைகளில்
படுத்தெழுந்த தெரு.

"மூவாயிரத்து இருநூறு" என்றாள் திருமதி தசாவா.
"குளியல் கீழே, பத்து மணிக்குள். செருப்பு இங்கே.
மெத்தை கெட்டியாகவா, மெதுவாகவா?"
இருபத்தாறு வருஷமாக ஹோட்டல்களில் படுக்கிறேன்,
என் முதுகை யாரும் விசாரித்ததில்லை.
பரீட்சையில் தெரியாத கேள்வி வந்ததுபோல்
ஈரக் குடையோடு நின்றேன்.
"கெட்டி" என்று அவளே முடிவு செய்தாள்.

கை விரித்தால் இரண்டு சுவரும் எட்டின.
நான் நின்றால் பெட்டி படுக்கலாம்,
நான் படுத்தால் பெட்டி நிற்க வேண்டும்.
பேசித் தீர்த்துக்கொண்டோம்.
போர்வையில் வெயிலின் வாசனை.
இந்த மழையில் எந்த வெயில் என்று யோசிப்பதற்குள்
தூங்கிப்போனேன்.

இரண்டு மணிக்குப் பக்கத்து அறைக் கதவு கத்தியது.
கத்தியது என்றால், வாலை மிதித்த பூனை.
செருப்புகள் கழிவறைக்குப் போய்த் திரும்பின. மறுபடி பூனை.
மூன்றே காலுக்கு. ஐந்துக்கு.
தொழில்காரனுக்கு வயிறு எரியாதா?
எந்தக் கீல், எந்தத் திருகு, எத்தனை வருஷத் துரு
எல்லாம் படுத்தபடியே தெரிந்தது.

விடிந்ததும் புது ரகத்தில் ஒரு ஜோடி எடுத்துப்போய்,
"ஐந்து நிமிஷ வேலை, காசு வேண்டாம்" என்றேன்.
திருமதி தசாவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அழகாக இருக்கிறது என்றாள்.
பிறகு என் உள்ளங்கையிலேயே வைத்தாள்.
"ஐந்தாம் எண் ஒகுயாமாவுக்கு எண்பத்தொன்று.
அவருக்கு வேறு யாரும் கிடையாது.
அந்தச் சத்தம் கேட்டால்தான்
நான் அடுப்பை மூட்டுவேன்."

மேலே, மறுபடியும், பூனை.
அவள் தீக்குச்சியைக் கிழித்தாள்.

அகிதாவில் கணக்குப் பிரிவு நகுமோ
ரசீதை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தாள்.
நாலாயிரத்து எண்ணூறு குறைகிறதே,
உறவினர் வீடா? போலியா?
கூடினால் ஒரு படிவம், குறைந்தால் இரண்டு.
முத்திரை வைத்துத் தர வேண்டும்.

'காரணம்' என்ற கட்டம்
மூன்று பாய் அறையைவிடச் சிறியது.
நிறைய நேரம் பேனாவைப் பிடித்திருந்து
எழுதினேன்:
மெத்தை கெட்டி.