இல்லாத மூட்டை

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
ஈரம் பத்தொன்பது என்று ஒதுக்கிய நெல்
களத்தில் காய்கிற மத்தியானம்.
லாரி வரவில்லை, வேலை இல்லை.
நீலத் தார்ப்பாயைக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி
அதற்கு முன்னால் வைரக்கண்ணுவை நிற்கச் சொன்னேன்,
முதுகைக் காட்டி.

என் படங்களில் யாருக்கும் முகம் கிடையாது.
பினாங்கில், அத்தாவின் சாப்பாட்டுக் கடையில்,
சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.
நிமிர்ந்தால் பரிமாறுகிறவர்களின் சட்டை முதுகு,
வேர்வை வரைந்த தேசங்கள், உப்பு எல்லைகள்.
ஆண்ட்வெர்ப்பில் நிலவறை வாடகை;
சன்னல் நடைபாதை மட்டத்தில்.
நான்கு குளிர்காலம் கணுக்கால்களோடு குடித்தனம்.
ஒரு நாய் மட்டும் குனிந்து பார்க்கும்.
நாகசாகியில் குனிந்து குனிந்து
அடுத்தவர் பிடரிகளை மனப்பாடம் செய்தேன்.
முதுகு, கணுக்கால், பிடரி.
இதை என் பாணி என்று எழுதினார்கள்.
படித்துவிட்டு நானும் நம்பினேன்.

"முதுகக் காட்டுனா மூட்டைய ஏத்திருவாங்கக்கா"
என்று சிரித்தான் வைரக்கண்ணு.
சிரித்தபடியே திரும்பினான்.

திரும்பியதும்
முழங்கால் இரண்டும் லேசாக மடங்கின.
கழுத்து இடப்பக்கம் ஒதுங்கி
நாற்பது கிலோவுக்கு இடம் விட்டது.
கைகள் தாமாக மேலேறி
காற்றின் இரண்டு காதுகளைப் பிடித்துக்கொண்டன.

நிமிர்ந்து நில்லுங்க என்றேன்.
நிமிந்துதான் நிக்கறேன் என்றான்.

எனக்கு முன்பே யாரோ வந்து
இவனை இப்படி நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அவர்களுக்குக் கேமராகூடத் தேவைப்படவில்லை.
அழுத்தினேன். பதினோரு படம்.
பதினொன்றிலும் மூட்டை இருக்கிறது.

"இப்ப நீங்க நில்லுங்க, நான் புடிக்கறேன்."
எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டுத்
தார்ப்பாய்க்கு முன்னால் போனேன்.
இத்தனை பேரை நிற்கவைத்த எனக்கு
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
வெயில். நெல்லைக் கிளறும் கால்களின் சரசரப்பு.

எடுத்ததைத் திரையில் வெகுநேரம் பார்த்தான்.
"ஏங்க்கா ஒருக்களிச்சு நிக்கறீங்க?
யாருக்கு வழி விடறீங்க?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.
படத்தில் என் வலது கால் பின்வாங்கியிருக்கிறது.
தோள் ஒரு சுவரைத் தேடுகிறது,
குறுகலான மாடிப்படியில்
மேலிருந்து யாரோ இறங்கி வருவதுபோல்.
பின்னால் சுவர் இல்லை.
தார்ப்பாய்தான்.
வெண்ணாற்றுக் காற்றில் உப்பி
அது என்னை
முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது.