கந்தகக் குச்சி

பதினேழாம் எண்.
ஆய்வில் பெயர் எழுதக் கூடாது.
உள்ளே வரும்போதே
"தேசப்பன், காசிமேடு ஐஸ் கம்பெனி" என்று
அவரே சொல்லிவிட்டார்.

கையை நீட்டச் சொன்னேன்,
போலீஸ்காரர் லாரியை நிறுத்துவதுபோல.
நீட்டினார்.
மணிக்கட்டு ஒரு கணம் விழுந்து திரும்ப எழுந்தது.
கொருக்குப்பேட்டையில் ராத்திரி
கரண்ட் போய்ப் போய் வருமே, அப்படி.

அடுத்தது காகிதம்.
ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை
சிதறிக் கிடக்கும் எண்களை
வரிசையாகக் கோடிழுத்துச் சேர்க்க வேண்டும்.
பதினான்கு வரை வந்தார்.
பிறகு பென்சில் காகிதத்தைத் தாண்டி
மேசைமேல் போனது,
அங்கேதான் பதினைந்து இருப்பதுபோல, நிதானமாக.
ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்தேன்.

"ராவெல்லாம் முழிச்சிக்கினு கீறாரு" என்றார் நாகபூசணம்.
"போன வாரம் உப்பு டப்பாவ பீரோல வெச்சிப் பூட்டிட்டாரு.
குடிச்சிக் கெட்டவருன்னு நெனைக்காத.
சாராயம் தொட்டதில்ல.
காமாலைக் கிருமி எங்கேர்ந்தோ வந்து
இருவது வருசமா உள்ளயே குந்திக்கினு இருந்துது."
நான் கேட்டிருக்கவில்லை.
பதில் எப்போதும் தயாராக இருந்தது அவரிடம்.

எல்லோரும் பயப்படும் குழாய்க்குள்
தேசப்பன் தூங்கிவிட்டார்.
"நம்ம கம்ப்ரசர் சத்தம்மா அது" என்றார் வெளியே வந்ததும்,
"வூட்டுல இல்லியே."

திரையில் குளூட்டமின் முகடு உயர்ந்திருந்தது.
ஈரல் வடிகட்டாமல் மேலே அனுப்பிய அமோனியாவை
மூளையின் உயிரணுக்கள் விழுங்கி விழுங்கி
வீங்கிப்போயிருக்கின்றன.
இன்னொரு படத்தில், அடியாழத்தில்,
இரண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவு வெளுப்பு.

அதைத்தான் விரலால் தொட்டார்.
"ஐஸ் மிஷின்ல அமோனியா கசிஞ்சா
கந்தகக் குச்சியக் கொளுத்தி
பைப்பு பைப்பா காட்டுவோம்.
ஓட்ட இருக்கற எடத்துல வெள்ளப் பொகை வரும்.
இதோ வந்துக்கீது பாரு."
முப்பத்தோரு வருட வேலை,
ஒரு சொல் பிசகவில்லை.

டாக்டர் ஜெயசீலிக்குத் தப்பாகச் சொன்னால் ஆகாது.
"அது அமோனியா இல்லைங்க, மாங்கனீசு.
அதுவும் ஈரல் வெளியேத்தாம விட்டதுதான்.
வெளுப்பு அதிகமா இருக்கிற சில பேர்
நல்லாத் தெளிவா பேசுறாங்க.
கம்மியா இருக்கிற சில பேர்
வீட்டுக்கு வழி மறக்கிறாங்க.
ஏன்னு பார்க்கத்தான் இந்தப் படமெல்லாம்."
தேசப்பன் யோசித்தார்.
"அப்ப வால்வ யாரு மூடறது?"
"அந்த இனிப்பு மருந்த வேளாவேளைக்குக் குடிங்க.
நாலு தடவ வயிறு போனா பாதி மூடும்."
"பேஜாரான வால்வு" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டும்.
அதே வீடு, அதே தண்ணீர், கிட்டத்தட்ட அதே வயது.
நாகபூசணம் ஒப்புக்கொண்டார்.
கம்மல், மெட்டி, கொண்டை ஊசி
எல்லாம் கழற்றி என் தட்டில் போட்டார்.
தாலியைத் தட்டில் போடவில்லை.
தேசப்பன் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுப் போனார்.

நாற்பது நிமிடம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து
இறுக்கிக்கொண்டே இருந்தார் மனிதர்.

நாகபூசணம் தூங்கவில்லை.
"நான் கண்ண மூடினா
இவரு எழுந்து போய்டுவாரே."
எட்டு மாதம் உறங்காத மூளை.
எங்கும் வெளுப்பில்லை, எந்த முகடும் ஏறவில்லை.
"சாதாரணம்" என்று நிரப்பினேன்.
வேறு கட்டம் படிவத்தில் கிடையாது.

சரட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார்:
"அந்தப் பேப்பரக் குடேன்,
வூட்டுல போட்டுப் பழகட்டும்."
கொடுக்கக் கூடாது. பழகினால் சோதனை கெட்டுவிடும்.
"சரி, பதினஞ்சு எங்க இருக்குதுன்னாவது காட்டு."

காட்டினேன்.
பதினான்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.