மூன்றில் ஒரு பங்கு

மரம் சாய்ந்த பக்கத்தில் ஆசகேல் பிரிண்டில் நின்றிருந்தார்.
மார்ச் மாதம், பனி இளகும் நேரம்.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

பிறகு அண்டை வீட்டார் மூவர் வந்து
எண்ணத் தொடங்குகிறார்கள்.
எருது ஒரு சோடி.
கறவை இரண்டு, ஒன்று சினை.
பாதி நூற்ற ஆளிநார்.
விரிசல் விட்ட இரும்புச் சட்டி, இரண்டு ஷில்லிங்.
அரிவாள் பிடி ஒன்று, அரிவாள் இல்லை.
கட்டிலுக்கு ஒரு விலை,
மெத்தையைப் பிரித்து
வாத்து இறகை எடைபோட்டு, அதற்கொரு விலை.
அந்த மெத்தையில் பதினோரு பிரசவம்.
அதை யாரும் கேட்கவில்லை.

நான் இதற்காக வரவில்லை.
பக்கத்து வீட்டானோடு வேலித் தகராறு,
பழைய பத்திரம் வேண்டியிருந்தது,
டயர் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தேன்.
நியூ ஹாம்ப்ஷயரில் எந்த வேலியைப் பிடுங்கினாலும்
கீழே ஒரு செத்தவரின் கல் கிடக்கும்.

விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது சட்டம்.
அதையும் அளந்தார்கள்:
மேற்கு அறை.
நிலவறையில் படிக்கட்டுக்கு வடக்கே உள்ளது.
சனிக்கிழமை மட்டும் ரொட்டி அடுப்பு.
சாலையோரம் நான்கு ஆப்பிள் மரம்.
சமையலறை வழியாகக் கிணற்றுக்குப்
போக, வர, உரிமை.
மற்றதெல்லாம் மூத்தவன் ஏனோஸுக்கு.
சமையலறையும்
அதன் தாழ்ப்பாளும்.

நாலு வருஷம் கழித்து ஒரு மனு.
இதில்தான் முதல்முறை பெயர் வருகிறது: மெகேதபேல்.
மருமகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள்,
வாளியோடு வீட்டைச் சுற்றி நடக்கிறேன்,
இடுப்பளவு பனியில்,
எனக்கு வீடு வேண்டாம், கதவு வேண்டும்.

தீர்ப்பு இருந்த தாளை எலி தின்றிருக்கிறது.
அடுத்த தாள் ஒரு ரசீது.
ஆப்பிள் சாறு ஒன்பது பீப்பாய் விற்ற பணம்
கிணறு தோண்டியவனுக்குக் கொடுத்தது.
ஆழம் இருபத்தாறு அடி.
கீழே அவள் கையெழுத்து,
அழுத்திப் போட்டதில்
மை மறுபக்கம் ஊறியிருக்கிறது.

எங்கள் வீட்டில்
பன்னிரண்டு எட்டு தள்ளி இரண்டு கிணறுகள்.
தாத்தா காலத்திலேயே ஒன்றை மூடிவிட்டார்கள்.
மேற்குப் பக்கத்தில் இருப்பது வற்றியதில்லை.
ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று
நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வேலிப் பத்திரம் கிடைக்கவில்லை.
பிரதி ஒரு பக்கத்துக்கு ஐம்பது காசு என்றாள் அலுவலகப் பெண்.
ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.