நடக்காத கோல்கள்

போன வருஷம் எங்கள் கணக்கு:
ஐந்து, ஏழு, நான்கு, ஒன்பது.
எல்லாம் வாங்கியவை.
வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துத் தருவதுதான்
கோல்கீப்பர் வேலை என்றிருந்தேன்.

விளையாட்டு அறைச் சாவியை
த்ரோபால் டீமிடம் கொடுக்கச் சொல்லி
பிரின்சிபால் அறையிலிருந்து தாள் வந்த வாரம்
பியூலா வந்தாள்.
வியாசர்பாடி. பி.காம். முதல் வருஷம்.
இரவல் பூட்ஸ், ஒரு நம்பர் பெரிது,
முனையில் துணி அடைத்திருந்தாள்.

"ஃபார்வர்டா?" என்றார் அமலோற்பவம் மிஸ்.
வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள்.
"இல்ல மிஸ். பின்னாடி.
அங்கதான் ஆள் கம்மியா கீது."

முதல் நாளே எனக்கு ஏச்சு.
"இன்னா, வாய்ல கொழுக்கட்டையா?
மொத்த கிரவுண்டும் உனக்குத்தான் தெரியுது.
கத்து."
கத்தினேன்.
சுகிர்தா, ரைட்டு!
தௌலத், ஏறாதே!
பேசின் பிரிட்ஜ் பக்கம் போன ரயில்
என் குரலைத் தின்னப் பார்த்தது.
இன்னும் கத்தினேன்.

அவள் ஆடுவதை யாரும் படம் எடுக்கவில்லை.
எடுக்க என்ன இருக்கிறது?
எதிராளி காலை ஓங்கும்போது
அந்த இடத்தில் முன்பே ஒரு முட்டி இருக்கும்.
பாஸ் போக வேண்டிய வழியில்
சும்மா நிற்பாள், பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
சறுக்கி விழுந்து பந்தை எடுப்பது அபூர்வம்.
"வுழுந்து எடுத்தா
லேட்டா வந்தேன்னு அர்த்தம்."

இரண்டே கோல் வாங்கித் தோற்ற நாளில்
மூலக்கடையில் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்றோம்,
ஜெயித்தவர்கள் வேடிக்கை பார்க்க.
அப்புறம் ஒன்று.
அப்புறம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்:
அன்று மிஸ் ஸ்கோர் ஷீட்டை இரண்டு முறை சரிபார்த்தார்.
சாவியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

பேப்பரில் அடித்தவள் பெயர் வரும்.
அடிபடாமல் போனதை எவர் எழுதுவார்?
காஸ்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கோடு போட ஆரம்பித்தேன்.
தலைப்பு: நடக்காத கோல்கள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

டிசம்பர். கடைசி ஆட்டம்.
கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி
ஊரைச் சுற்றி நடந்து போனோம்,
பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.
மைதானத்தில் பாதி, குளம்.
எதிரே மூன்று வருஷமாய்த் தோற்காத காலேஜ்.

தௌலத் அடித்ததை அடித்தாள் என்று சொல்வது தர்மமில்லை,
பந்து வந்து அவள் இடுப்பில் பட்டது.
ஒன்று பூஜ்யம்.
அதன்பின் நாற்பது நிமிஷம்
மழையும் அவர்களும் எங்கள் பக்கமே பெய்தார்கள்.

முடிய நாலு நிமிஷம் இருக்க
பந்து என்னைத் தாண்டியது.
திரும்பிப் பார்க்கிறேன்:
கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
சேற்றுத் தண்ணீரில் நின்றுவிட்டது.
யாருக்கும் கால் வரவில்லை.
அவளுக்கு வந்தது.

தௌலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
பியூலா என் கம்பத்தடியில் உட்கார்ந்து
பூட்ஸிலிருந்து துணியை உருவிப் பிழிந்தாள்.
எவ்வளவு தண்ணீர், அந்தச் சின்னத் துணியில்.

"நாற்பத்தேழு" என்றேன், நோட்டைக் காட்டி.
எண்ணிப் பார்த்தாள், உதடு அசைய.
"நாப்பத்தாறு.
கடைசி ஒண்ணு மழையோடது."

அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன்,
பென்சிலில்.