ஒன்றரை மீட்டர்

இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் ஓட்டும் காரில்
வலப்பக்கம் உட்கார்ந்து
தேறினார், தேறவில்லை என்று
கட்டங்களில் குறித்துவருபவள் நான்.
என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
நான் அதை மிதித்தால் கதை முடிந்தது என்று
பக்கத்து இருக்கைக்குத் தெரியும்.

ஞாயிறுகளில் சைக்கிள்.
கிரூஸ் மாவட்டத்து வரைபடத்தில்
சிவப்பு, மஞ்சள் எல்லாம் தீர்ந்தபின்
வண்ணம் பூச மறந்ததுபோல் வெள்ளையாய்க் கிடக்கும்
சாலைகளாகப் பார்த்துப் பொறுக்குவேன்.
தாருக்கு நடுவே புல் முளைத்து
வகிடெடுத்த தலைபோல் இருக்கும்.
எண் பலகைகளை மழை அழித்துவிட்டிருக்கும்.

ஏழரைக்குக் கிளம்பினேன்.
ஒன்பதரை வரை கண்ட வாகனங்கள்:
ரொட்டிக்காரியின் வேன், ஒன்று.
அதுவும் நின்றிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக் குழாயில்தான்
எப்போதும் தண்ணீர் பிடிப்பது.
ஆகஸ்டிலும் பல் கூசும்.
பக்கத்தில் துரீஸ் குடும்பத்தார் ஏழு பேர்
ஒரே கல்லுக்குக் கீழே.
பாட்டில் நிறையும் நேரத்தில் அவர்கள் வயதையெல்லாம்
கழித்துப் பார்த்துவிடலாம்.

பழக்கம் விடுவதில்லை.
சோளக்காட்டுச் சந்திப்பில் நிறுத்தக் குறி.
ஈ காக்கா இல்லை என்று சொல்ல முடியாது,
கம்பத்தில் ஒரு காக்கா இருந்தது.
ஒரு காலை ஊன்றினேன்.
இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன், மறுபடி இடம்.
மூன்று எண்ணினேன்.
பிறகு கை நீட்டி
இடப்புறம் திரும்பப்போவதைச்
சோளத்துக்கு முறைப்படி தெரிவித்தேன்.
காக்கா எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

இறக்கம்.
டயர் முணுமுணுப்பு சீட்டியாக மாறியது.
இருபுறமும் செம்பழுப்பு மாடுகள்
ஒன்றன்பின் ஒன்றாகத் தலை திருப்பின.
கண்ணோரம் நீர்.
பிரேக் இருப்பது கைகளில்,
ஆனால் வலது பாதம்
வெறும் காற்றில் எதையோ தேடி
அழுத்தி அழுத்திப் பார்த்தது.
யாருடைய தவறு அது,
எதை நிறுத்தப் பார்த்தாய் என்று
பாதத்தைத்தான் கேட்க வேண்டும்.

பாலம் தாண்டினால் ஏற்றம்.
பாதி ஏறியதும்
பின்னால் டீசல் இருமல்.

முந்தவில்லை.
வளைவுக்கு வளைவு இருமிக்கொண்டே
அதே தூரத்தில்.
திரும்பிப் பார்த்தால் வைக்கோல் உருளைகள்,
உருளைகளுக்கு முன்னால் டிராக்டர்,
அதன்மேல் ஃப்ளோரியான் பெய்ரா.

மூன்று முறை அவனைத் தோற்கடித்திருக்கிறேன்.
முதல்முறை கண்ணாடி பார்க்கவில்லை.
இரண்டாம் முறை, கடக்கும் கோட்டில் நாயோடு நின்ற கிழவர்.
மூன்றாம் முறை நான் மிதித்தேன்.
நாலாவதுக்கு அவன் பதிவே செய்யவில்லை.
வயலுக்குப் போகும் டிராக்டரை
இங்கே யாரும் உரிமம் கேட்பதில்லை.
திங்களன்று மழை என்று ரேடியோ சொன்னதால்
அவனுக்கு ஞாயிறும் வேலை.

இரண்டு கிலோமீட்டர்.
ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்,
அதற்கு மேல் ஒரு பல் கூடாமல் அவன்.
என் முதுகு இப்படி
யாருக்கும் தேர்வு எழுதியதில்லை.
தள்ளாடுகிறேனா, ஓரத்தை விட்டு விலகுகிறேனா,
மூச்சு வாங்குவது கேட்கிறதா?
போ என்று கை காட்டினேன்.
போகவில்லை. வளைவு.
சரிதான். வளைவில் முந்தக் கூடாது.

உச்சியில் சாலை நிமிர்ந்தது.
தொப்பி கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது,
பிறகு தோள்பக்கம்.
இடது இண்டிகேட்டர்.
எதிர் ஓரத்துப் புல்லில் சக்கரம் ஏற
முழுச் சாலையையும் எனக்கு விட்டு
மெதுவாகக் கடந்தான்.
சட்டம் சொல்வது ஒன்றரை மீட்டர்.
என் கண்ணளவில்
அதற்கு மேலும் ஒரு சாண்.

வைக்கோல் வாசனை. கழுத்தில் இரண்டு துரும்பு.
"வணக்கம், மதாம் வெர்னாத்"
என்றோ வேறு எதுவோ சொன்னான்,
இன்ஜின் விழுங்கிவிட்டது.
இரண்டு விரல் உயர்த்தினான்.
கை ஸ்டியரிங்கை விட்டது, சிறு பிழை.
குறித்துக்கொள்ளத் தாள் இல்லை.

அப்புறம் மறுபடியும் யாருமில்லாத சாலை,
எதிர்ச்சரிவில் நேராக ஏறிப் போகிறது.
இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டான்.
பள்ளத்தாக்கின் அக்கரைவரை
திரும்பாத திசைக்கு
ஆரஞ்சாய்
மினுக், மினுக்.