கைப்பிழை

ஃபோர்ட் டி காக், மேற்குச் சுமத்ரா, 1937

சனிச்சந்தை கூடும் நாள் பார்த்துப்
பள்ளிவாசல் முற்றத்தில் மேசை போட்டார்கள்.
ஆண்கள் பக்கம் ஆறு எழுத்தர்.
பெண்கள் பக்கம் நான் மட்டும்,
ஷம்சினார், பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள்.
டச்சு எழுத்தும் தெரியும், அரபு எழுத்தும் தெரியும்,
முத்து முத்தாக எழுதுவாள் என்று பேர்.

பத்தாவியாவில் ஒரு சட்டம் தயாராகிறதாம்.
விரும்பியவர் மட்டும் போய்ப் பதியலாமாம்.
பதிந்தால் ஒருவனுக்கு ஒருத்திதானாம்.
பிரிய வேண்டுமென்றால் டச்சு நீதிபதி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொல்வாராம்.

லபாய் தாஹிர் படியில் ஏறி நின்றார்.
"வலி சொன்னார், மாப்பிள்ளை ஏற்றான்,
இரண்டு சாட்சி கேட்டார்கள், அல்லாஹ் கேட்டான்.
இதற்குமேல் கேட்க
கடலுக்கு அப்பால் இருக்கிற ராணிக்கு ஏது காது?"
கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்,
ஒப்புக்குச் சிரிக்கவில்லை.
என் மாமன் இளைஞராக இருந்தபோது
முதலில் எருமைகளை எண்ணி எழுதிக்கொண்டு போனார்கள்.
மறு வருஷம் வரி கேட்டு வந்தார்கள்.
அதற்கடுத்த வருஷம் துப்பாக்கியோடு.
அவர்கள் நோட்டில் ஏறிய எதுவும்
வீடு திரும்பி நான் பார்த்ததில்லை.

ஆகவே எழுதினேன்.
பெயர், ஊர், கணவன் பெயர், பெருவிரல்.
எழுதாதே என்று சொல்ல
எத்தனை எழுத வேண்டியிருந்தது!

நால்வரில் மூத்தவள் ஒருத்தி
தாள் கிழியும்படி அழுத்தினாள்.
மரவள்ளி விற்கிற சின்னப்பெண் காதோரம் குனிந்து,
"பதிந்திருந்தால் மேடானிலிருந்து காசு அனுப்பியிருப்பானா?" என்றாள்.
"அடுத்தவர் வாங்க" என்றேன்.

எங்களிடம் கணவன் இருட்டியபின் வருவான்,
விடியுமுன் தாய்வீட்டுக்குப் போவான்.
வெட்டிய மரத்தடிமேல் சாம்பல் என்று சொல்வார்கள்,
காற்று வரும்வரை.
என் சாம்பல் செவ்வாயும் வெள்ளியும் வரும்.
மற்ற நாள்களில் துணி வியாபாரம், தூரத்துச் சந்தைகள்.

அஸருக்குச் சற்று முன்
பாயகும்பு பக்கத்துப் பெண் ஒருத்தி,
நீலச் சால்வை, இடுப்பில் பிள்ளை.
பெயர்? ரலியா.
ஊர்? சொன்னாள்.
கணவன் பெயர்?
ஜனான் சுத்தான் பாலிண்டி என்றாள்,
துணி வியாபாரி என்பதையும் சேர்த்து.

பேனாவை மையில் தோய்த்தேன்.
போதாதென்று இன்னொரு தரம்.
பிள்ளையின் காதுமடலைப் பார்த்தேன்.
மஹர் எவ்வளவு, எந்த மாதம் நிக்காஹ்
என்று கேட்க வாய்வரை வந்தது,
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
அவள் பெருவிரலைப் பிடித்து மைத்தட்டில் உருட்டினேன்.
சூடான விரல்.
மிளகாய் அரைத்திருப்பாள்.

எல்லாரும் போனபின்
கடைசி வரியில் என்னை எழுதினேன்.
கணவன் பெயர் இருக்கும் இடத்தில்
அதே பெயர், அதே சுழி, அதே கொக்கி.
எங்கள் இரண்டு நிக்காஹும்
முதல் தடவையாக ஒரே தாளில் காய்ந்துகொண்டிருந்தன.

இரவு விளக்கடியில் லபாய் சரிபார்த்தார்,
கணவன் பத்தியில் மட்டும் விரல் வைத்து,
மேலிருந்து கீழாக.
"ஷம்சினார், ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருக்கிறார்.
கைப்பிழை."
அடிக்குச்சி வைத்துச் சிவப்புப் பென்சிலால் ஒன்றை அடித்தார்.
முன்னூற்றுப் பன்னிரண்டு, முன்னூற்றுப் பதினொன்றாயிற்று.
எந்த வரி என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

சட்டம் வரவில்லை. கைவிட்டார்களாம்.
மாடு அறுத்துப் பங்கு வைத்தார்கள்,
எனக்கும் வாழையிலையில் ஒரு பங்கு வந்தது.
அன்று வெள்ளிக்கிழமை.
அவருக்குப் பிடிக்கிற மாதிரி காரம் தூக்கலாகச் சமைத்தேன்.
பாதியைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடினேன்.
அவர் கை கழுவும்போது கேட்டேன்,
"பாயகும்புக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"